பன்னாட்டு மனித உரிமைகள் பற்றிய தொடர் சொற்பொழிவு: "மீறினால் யார் கேட்பது?" என்ற கேள்விக்கு எட்டு வாரங்களில் என்ன சொல்வது?

கேள்வி: பொருநைக்கரை

அனைவருக்கும் வணக்கம். தென்மாவட்டப் பல்கலைக்கழகம் ஒன்றில் அரசியல் அறிவியல் கற்பிக்கிறேன். வரும் பருவத்தில் முதுகலை மாணவர்களுக்கும், விருப்பமுள்ள வெளியாட்களுக்கும், பன்னாட்டு மனித உரிமைச் சிக்கல்கள் குறித்து எட்டு வாரத் தொடர் சொற்பொழிவு நடத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. புதன்கிழமைதோறும் பிற்பகலில் இரண்டு மணி நேரம், முழுவதும் தமிழிலேயே நடத்த வேண்டும்.

சென்ற ஆண்டும் இப்படி ஒரு தொடர் நடந்தது. அதன் கதையைச் சொன்னால்தான் என் கேள்வி விளங்கும். முதல் நாள் வந்தவர் 1948 டிசம்பர் 10ஆம் நாள் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற உலகப் பிரகடனத்தின் முப்பது உறுப்புகளையும் ஒவ்வொன்றாகப் படித்தார். இரண்டாம் வாரம் வந்தவர் 1966ஆம் ஆண்டின் இரண்டு உடன்படிக்கைகளை அதே முறையில் படித்தார். மூன்றாம் வாரம் பாதி நாற்காலிகள் காலி. அன்று கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, "ஐயா, கையெழுத்துப் போட்ட நாடே அதை மீறினால், போய்க் கேட்பது யார்?" என்றாள். வந்திருந்தவர் "மிக நல்ல கேள்வி" என்றார். அதற்குள் தேநீர் வந்துவிட்டது. பிறகு பொன்னாடை, நினைவுப் பரிசு, குழுப்படம் என்று கூட்டம் முடிந்தது. அந்தக் கேள்விக்கு இன்றுவரை எங்கள் துறையில் யாரும் பதில் சொல்லவில்லை, நான் உட்பட.

இந்த ஆண்டு அந்தக் கேள்வியையே தொடரின் முதுகெலும்பாக வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். ஆகவே எந்த நிகழ்வுகளை, எந்த வரிசையில் எடுத்துப் பேசலாம் என்று சொல்லுங்கள். ஒப்பந்தங்களின் பட்டியல் வேண்டாம், அது என்னிடம் இருக்கிறது. கலைச்சொற்களிலும் தடுமாற்றம் உண்டு. துண்டறிக்கை எழுத உட்கார்ந்தாலே பேனா நின்றுவிடுகிறது.

மறுமொழி 1: சட்டப்பாடம்

பேராசிரியர் அவர்களுக்கு வணக்கம். சட்டக் கல்லூரி ஒன்றில் பன்னாட்டுச் சட்டம் நடத்துகிறேன். உங்கள் மாணவியின் கேள்விக்கு உறுப்பு எண்களைக் கொண்டு பதில் சொல்ல முடியாது. ஒரே ஒரு வழக்கை எடுத்துக்கொண்டு, அது கிளம்பிய இடத்திலிருந்து முடிந்த இடம்வரை மாணவர்களைக் கூடவே நடத்திச் சென்றால் பதில் சொல்லலாம். நான் பல ஆண்டுகளாக இதற்கு எடுத்துக்கொள்வது சாடு நாட்டின் முன்னாள் ஆட்சியாளர் இசேன் அப்ரே மீதான வழக்கு. முதல் இரண்டு வாரங்களை இதற்கே கொடுத்துவிடுங்கள் என்பது என் பரிந்துரை.

அப்ரே 1982 முதல் 1990 வரை ஆண்டார். தலைநகர் இஞ்சமேனாவில், பிரெஞ்சுக்காரர் காலத்தில் படைவீரர் குடும்பங்களுக்காகக் கட்டிய நீச்சல்குளம் ஒன்றின் மேல் கான்கிரீட் தளம் போட்டு மூடி, உள்ளே அறைகளாகத் தடுத்து, அதை நிலத்தடிச் சிறையாக்கியது அவருடைய உளவுக் காவல்துறை. மக்கள் அதை இன்றும் 'நீச்சல்குளம்' என்றே சொல்கிறார்கள். ஆட்சி கவிழ்ந்த பிறகு சாடு அரசு அமைத்த விசாரணை ஆணையம், அந்த எட்டு ஆண்டுகளில் 40,000 பேர் வரை இறந்திருக்கலாம் என்று 1992இல் மதிப்பிட்டது. அப்ரே செனெகல் நாட்டுக்குத் தப்பிச் சென்று, தலைநகர் டக்காரில் வீடு வாங்கி, அக்கம்பக்கத்தார் மதிக்கும் மனிதராக வாழத் தொடங்கினார்.

நீங்கள் வகுப்பில் நிறுத்திச் சொல்ல வேண்டிய ஆள் அவர் அல்லர். சுலெமான் கெங்கெங் என்ற கணக்காளர். இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாகச் சிறையிலிருந்து, பக்கத்தில் படுத்திருந்தவர்கள் ஒவ்வொருவராகச் சாவதைப் பார்த்தவர். உயிரோடு வெளியே போனால் இதைச் சொல்லாமல் விடமாட்டேன் என்று உள்ளே எடுத்துக்கொண்ட உறுதிப்படி, வெளியே வந்தபின் வீடு வீடாகச் சென்று 792 பேரின் வாக்குமூலங்களைத் திரட்டினார். அப்ரேயின் பழைய ஆட்கள் புதிய ஆட்சியிலும் பதவிகளில் இருந்ததால், அந்தத் தாள்களை ஆண்டுக்கணக்கில் ஒளித்து வைத்திருந்தார். 1998 அக்டோபரில் சிலியின் முன்னாள் சர்வாதிகாரி பினோசே லண்டனில் கைதான செய்தி வந்த பிறகுதான், இந்தத் தாள்களைக் கொண்டு வேறொரு நாட்டின் நீதிமன்றத்தில் ஏறலாம் என்ற எண்ணம் பிறந்தது.

2000 ஜனவரியில் பாதிக்கப்பட்டவர்கள் டக்காரில் புகார் கொடுத்தார்கள். அடுத்த மாதமே குற்றச்சாட்டு பதிவானது. ஆனால் அயல்நாட்டில் நடந்த குற்றத்தை விசாரிக்கத் தங்களுக்கு அதிகாரமில்லை என்று செனெகல் நீதிமன்றங்கள் கையை விரித்துவிட்டன. சித்திரவதைக்கு எதிரான 1984ஆம் ஆண்டு உடன்படிக்கையைச் செனெகல் 1986இலேயே ஏற்றிருந்தது. சித்திரவதை செய்தவர் என்று கருதப்படும் ஒருவர் தன் மண்ணில் இருந்தால், அந்நாடு ஒன்று அவரைக் கேட்கும் நாட்டிடம் ஒப்படைக்க வேண்டும், அல்லது வழக்கைத் தன்னுடைய வழக்குத் தொடுக்கும் அதிகாரிகளிடம் கொண்டு சேர்க்க வேண்டும் என்கிறது அதன் 7ஆம் உறுப்பு. ஏற்றுக்கொண்ட நாடு அதற்கேற்ற உள்நாட்டுச் சட்டத்தை எழுதாமலே இருந்துவிட்டது. சட்டம் இல்லை என்பதையே பிறகு சாக்காகவும் சொன்னது. இந்த இடத்தில் மாணவர்கள் கொதித்துப் போவார்கள். கொதிக்கட்டும், அவசரப்பட்டு அடுத்த பக்கத்துக்குப் போகாதீர்கள்.

அதன்பின் பாதிக்கப்பட்டவர்கள் பெல்ஜியத்துக்குச் சென்றார்கள். 2001இல் இஞ்சமேனாவில் கைவிடப்பட்டுக் கிடந்த உளவுத்துறைக் கட்டடத்தில், தரையெங்கும் சிதறிக் கிடந்த ஆயிரக்கணக்கான ஆவணங்கள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்தபோது காவலில் இறந்தவர்கள் 1,208 பேரின் பெயர்கள் தெரியவந்தன. கொடுமை செய்தவர்களே தேதி போட்டுக் கணக்கு எழுதி வைத்திருந்தார்கள். அதே ஆண்டு, பாதிக்கப்பட்டவர்களின் வழக்கறிஞரான ஜாக்லின் முதெய்னா மீது கையெறிகுண்டு வீசப்பட்டது. காயத்தோடு அவர் வழக்கைத் தொடர்ந்தார். 2005இல் பெல்ஜியம் பிடியாணை பிறப்பித்தது. செனெகல் ஒப்படைக்கவில்லை. 2009இல் பெல்ஜியம் எந்தக் கூட்டணியும் சேர்க்காமல் தனியாகவே தி ஹேக் நகரின் பன்னாட்டு நீதிமன்றத்துக்குப் போனது.

2012 ஜூலை 20 அன்று வந்த தீர்ப்பில் மாணவியின் கேள்விக்கு நேரடியான பதில் இருக்கிறது. குற்றம் நடந்த காலத்தில் பாதிக்கப்பட்டவர்களில் ஒருவர்கூட பெல்ஜியக் குடிமகன் இல்லையே, நீ யார் கேட்க என்பது செனெகல் தரப்பின் வாதங்களில் ஒன்று. இந்த உடன்படிக்கையில் சேர்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும், சேர்ந்த மற்ற நாடுகள் அதன்படி நடக்கின்றனவா என்று கேட்கும் உரிமை உண்டு என்று நீதிமன்றம் சொன்னது. பணமில்லை என்பதையும் ஏற்கவில்லை. தாமதமின்றி வழக்குத் தொடு, இல்லையேல் ஒப்படை என்று ஒருமனதாக ஆணையிட்டது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் செனெகலில் ஆட்சி மாறியிருந்தது. புதிய அரசும் ஆப்பிரிக்க ஒன்றியமும் சேர்ந்து டக்காரில் சிறப்பு நீதிமன்றம் அமைத்தன. 2016 மே 30 அன்று அப்ரேக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒரு நாட்டின் முன்னாள் தலைவரை வேறொரு நாட்டின் மண்ணில், அந்நாட்டின் நீதி அமைப்புக்குள்ளேயே மனித உரிமைக் குற்றங்களுக்காக விசாரித்துத் தண்டித்தது அதுவே முதல் முறை. மேல்முறையீட்டில் 7,000க்கும் மேற்பட்டோருக்கு இழப்பீடு வழங்க ஆணை வந்தது. 2021 ஆகஸ்டில் அப்ரே கொரோனாவால் இறந்தபோது அந்தப் பணத்தில் ஒரு காசும் அவர்களுக்குப் போய்ச் சேர்ந்திருக்கவில்லை. இதையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும்.

மறுமொழி 2: வழக்காடி

மேலே எழுதிய ஐயா சொன்னது அருமையான வழக்குதான். ஆனால் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. இத்தகைய தொடர்களில் கொடுமை என்றால் எப்போதும் ஆப்பிரிக்கா, பால்கன் நாடுகள், மியான்மர் என்று தொலைவில் நடப்பதாகவே சொல்லிப் பழகிவிட்டோம். கேட்டுவிட்டு வெளியே வரும் மாணவன், நல்லவேளை நாம் அங்கே பிறக்கவில்லை என்று நிம்மதியாகப் பேருந்து ஏறுகிறான். 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் காவல்துறையினர் பிடித்துச் சென்ற தந்தையும் மகனும் அடுத்தடுத்து இறந்த செய்தியைப் படித்து வளர்ந்த பிள்ளைகள் உங்கள் வகுப்பில் இருக்கிறார்கள். அவர்களிடம் நீச்சல்குளச் சிறையைப் பற்றிச் சொன்னால், அதே உடன்படிக்கையில் நம் நாட்டின் நிலை என்ன என்ற கேள்வி உடனே எழும். எழாவிட்டால் நீங்கள் எழுப்ப வேண்டும்.

இந்தியா அதில் 1997 அக்டோபர் 14 அன்று கையெழுத்திட்டது. இன்றுவரை ஏற்புறுதி செய்யவில்லை. கிராமத்தில் சொல்வதானால், தாம்பூலம் மாற்றியாகிவிட்டது, முகூர்த்தம் மட்டும் இன்னும் குறிக்கவில்லை. 2010 மே மாதம் சித்திரவதைத் தடுப்பு மசோதா மக்களவையில் நிறைவேறி, மாநிலங்களவையில் தெரிவுக்குழுவுக்குப் போய், பிறகு காலாவதியாகிவிட்டது. சட்ட ஆணையம் 2017இல் தன் 273ஆம் அறிக்கையில் ஏற்புறுதியையும் தனிச்சட்டத்தையும் பரிந்துரைத்தது. அந்த அறிக்கையும் அப்படியே இருக்கிறது.

இதனால் என்ன நட்டம் என்று யாராவது கேட்டால் புரூலியா வழக்கைச் சொல்லுங்கள். 1995 டிசம்பரில் மேற்கு வங்கத்தில் விமானத்திலிருந்து ஆயுதங்களைக் கொட்டிய வழக்கில் தேடப்படும் கிம் டேவி என்ற டென்மார்க்காரரை இந்தியா பல ஆண்டுகளாகக் கேட்டு வருகிறது. 2011இல் அந்நாட்டு மேல்முறையீட்டு நீதிமன்றம், இந்தியாவில் அவர் சித்திரவதைக்கு ஆளாகும் ஆபத்து உண்டு என்று கூறி மறுத்துவிட்டது. 2024இல் மறுபடி கேட்டபோதும் மறுப்பே வந்தது. சித்திரவதையைத் தடுக்கச் சட்டம் எழுதாத நாடு, தான் தேடும் குற்றவாளியைக் கேட்டு வாங்குவதிலும் தடுமாறுகிறது. ஏட்டுச் சுரைக்காய் என்று பன்னாட்டுச் சட்டத்தைக் கேலி செய்பவர்கள் இந்த ஒரு வழக்கைப் படித்தால் போதும்.

மறுபக்கமும் உண்டு. நாடாளுமன்றம் செய்யாததை நம் உச்ச நீதிமன்றம் சில சமயம் செய்திருக்கிறது. ஒடிசாவில் காவலில் இருந்த தன் இருபத்திரண்டு வயது மகனின் உடல் மறுநாள் இரயில் பாதையோரம் கிடந்ததைக் கண்ட நீலபதி பெகரா என்ற தாய் 1988இல் நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதமே மனுவாக ஏற்கப்பட்டு, 1993இல் ஒன்றரை இலட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க ஆணையானது. சட்டவிரோதமாகக் கைதானவருக்கு இழப்பீடு பெறும் உரிமை உண்டு என்னும், குடிமை அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 9ஆம் உறுப்பின் 5ஆம் பிரிவை நீதிமன்றம் தன் முடிவுக்கு வலுவாக எடுத்துக்காட்டியது. இதில் வேடிக்கை என்னவென்றால், 1979இல் அந்த உடன்படிக்கையில் சேரும்போது, இந்தப் பிரிவு எங்களுக்கு வேண்டாம் என்று இந்தியா எழுதிக் கொடுத்திருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தது இனிப் பொருளற்றது என்று 1996 டிசம்பரில் டி.கே. பாசு தீர்ப்பில் நீதிமன்றமே சொல்லிவிட்டது. பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த 1997ஆம் ஆண்டு விசாகா தீர்ப்பும் இதே வழியில் வந்ததுதான். அதை நீங்கள் எப்படியும் எடுப்பீர்கள், ஆகவே விரிக்கவில்லை.

மறுமொழி 3: வடமராட்சி

வணக்கம். நான் இலங்கையின் வடக்கில் சட்டம் படித்தவன். வழக்காடி ஐயா, சட்டம் எழுதிவிட்டால் பாதி வேலை முடிந்தது என்பது போன்ற தொனியில் எழுதியிருக்கிறார். எங்கள் அனுபவம் அதற்கு ஒரு திருத்தம் சொல்லும். இலங்கை அதே சித்திரவதைச் சமவாயத்தில் 1994 ஜனவரியில் இணைந்துகொண்டு, அதே ஆண்டில் 22ஆம் இலக்கச் சட்டத்தையும் இயற்றியது. ஏழு ஆண்டுகளுக்குக் குறையாத சிறை என்று அதில் எழுதியிருக்கிறது. உங்கள் நாட்டில் இல்லாத சட்டம் எங்களிடம் முப்பது ஆண்டுகளாக உண்டு. ஆனால் பயங்கரவாதத் தடைச் சட்டமும் பக்கத்திலேயே இருந்தது.

சிங்கராசா வழக்கைத் தொடரில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 1993இல் ஒரு சுற்றிவளைப்பில் பிடிபட்ட தமிழர் அவர். குற்ற ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் எழுதப்பட்டது. அவருக்குத் தெரிந்த மொழியோ தமிழ் மட்டுமே. மொழிபெயர்த்தவர் ஒரு பொலிஸ்காரர். சிங்கராசா செய்ததெல்லாம் அந்தத் தாளில் பெருவிரல் அடையாளம் வைத்தது. வழக்கில் இருந்த சான்று அந்தத் தாள் ஒன்றுதான். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின்படி, வாக்குமூலம் வற்புறுத்திப் பெறப்பட்டது என்று நிரூபிக்கும் பொறுப்பு குற்றஞ்சாட்டப்பட்டவருடையது. மேல் நீதிமன்றம் 1995இல் ஐம்பது ஆண்டுகள் தண்டனை விதித்தது. மேன்முறையீட்டு நீதிமன்றம் அதை முப்பத்தைந்தாகக் குறைத்தது. உயர் நீதிமன்றம் மேற்கொண்டு விசாரிக்க அனுமதி மறுத்தது.

வழக்காடி ஐயா சொன்ன குடிமை அரசியல் உரிமைகள் உடன்படிக்கைக்கு (நாங்கள் குடியியல் அரசியல் உரிமைகள் சமவாயம் என்போம்) துணையாக உள்ளது விருப்பத்தெரிவு நெறிமுறை. இலங்கை 1997இல் ஏற்றுக்கொண்ட அதன்படி, உள்நாட்டில் எல்லாக் கதவுகளையும் தட்டி முடித்த ஒருவர் ஐ.நா. மனித உரிமைக் குழுவுக்கு நேரடியாக முறையிடலாம். (இந்தியா இந்த நெறிமுறையில் சேரவில்லை என்பதையும் உங்கள் மாணவர்களுக்குச் சொல்ல வேண்டும்.) அவர் முறையிட்டார். நியாயமான விசாரணைக்கான உரிமை மீறப்பட்டது, அவரை விடுவிக்க வேண்டும் அல்லது மீண்டும் விசாரிக்க வேண்டும், இழப்பீடும் வழங்க வேண்டும் என்று குழு 2004இல் முடிவு சொன்னது. அந்தத் தாளை எடுத்துக்கொண்டு அவருடைய சட்டத்தரணிகள் மறுபடி உயர் நீதிமன்றத்துக்குச் சென்றார்கள். 2006 செப்டெம்பர் 15 அன்று கிடைத்த பதில், நெறிமுறையில் இணைந்ததே அரசியலமைப்புக்கு முரணானது, நாட்டின் நீதித்துறை அதிகாரத்தை வெளியாரிடம் கொடுக்க சனாதிபதிக்கு உரிமையில்லை என்பது. தன் வழக்கைப் பற்றிக் கேட்டு வந்தவருக்கு, அவர் தட்டிய கதவே சட்டப்படி இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அதற்கு அடுத்த ஆண்டு, 2007இல், குடியியல் அரசியல் உரிமைகள் சமவாயத்தை உள்நாட்டில் நடைமுறைப்படுத்துவதற்கென்று ஒரு சட்டம் வந்தது. அதிலுள்ள வெறுப்புப் பேச்சுத் தடைப் பிரிவைப் பயன்படுத்தி 2019இல் ஒரு சிங்களச் சிறுகதை எழுத்தாளரைக் கைதுசெய்து நான்கு மாதங்கள் உள்ளே வைத்தார்கள். உரிமைகளைக் காக்க வந்த சட்டத்தால் கதை எழுதியவர் சிறைக்குப் போனார். வேலியே பயிரை மேய்ந்தது என்று நாங்கள் சொல்லிச் சிரித்தோம். சிரிக்காமல் வேறு என்ன செய்வது.

மற்றொன்று. உங்கள் துண்டறிக்கையில் நீதிமன்றப் பெயர்களைக் கவனமாக எழுதுங்கள். எங்களுடைய 'உயர் நீதிமன்றம்' உங்களுடைய உச்ச நீதிமன்றத்துக்கு நிகர். உங்களுடைய உயர் நீதிமன்றத்தின் ஆங்கிலப் பெயரைக் கொண்டது இங்கே 'மேல் நீதிமன்றம்'. மாணவர்கள் இரண்டையும் குழப்பிக்கொண்டால் வழக்கே தலைகீழாகிவிடும்.

மறுமொழி 4: பொருநைக்கரை (கேட்டவர்)

மூவருக்கும் மிக்க நன்றி. வடமராட்சி நண்பர் எழுதியதை இரண்டு முறை படித்தேன். டக்கார் வழக்கில் நீதிமன்றம் சொன்னது நடந்தது. கொழும்பு வழக்கில் குழு சொன்னது நடக்கவில்லை. இரண்டையும் அடுத்தடுத்த வாரங்களில் வைத்தால், பன்னாட்டு நீதிமன்றத்தின் தீர்ப்புக்கும் குழுவின் முடிவுக்கும் உள்ள வேறுபாட்டைத் தனியாக விளக்க வேண்டிய தேவையே இராது என்று தோன்றுகிறது. இந்தியாவைப் பற்றி வழக்காடி சொன்னதை ஏற்கிறேன். அதற்கும் ஒரு வாரம் உண்டு.

தொடக்கத்தை எங்கே வைப்பது என்பதில்தான் இன்னும் தெளிவில்லை. பிரகடனத்தை அடியோடு விட்டுவிட்டுத் தொடங்கினால் துறையில் கேள்வி வரும்.

மறுமொழி 5: பழைய ஏடு

பிரகடனத்துக்கு இரண்டு ஆண்டுகள் முன்னே போய்த் தொடங்குங்கள். சென்னையிலிருந்து புறப்பட்ட துரூரோ என்ற கப்பல், கரும்புத் தோட்ட ஒப்பந்தக் கூலிகளுடன் 1860 நவம்பர் 16 அன்று டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அவர்களுடைய பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எங்கே நிலம் வாங்கலாம், எங்கே குடியிருக்கலாம் என்று கட்டுப்படுத்தும் சட்டத்தைத் தென்னாப்பிரிக்கா 1946இல் கொண்டுவந்தது. இன்னும் முழு விடுதலை பெறாத இந்தியா அதை ஐ.நா. பொதுச்சபையின் முதல் கூட்டத்தொடருக்கே கொண்டுபோனது. தூதுக்குழுவின் தலைவர் விஜயலட்சுமி பண்டிட். எதிரே இருந்தவர் தென்னாப்பிரிக்கப் பிரதமர் சுமட்ஸ். அடிப்படை மனித உரிமைகளில் நம்பிக்கையை அறிவிக்கும் ஐ.நா. சாசன முகவுரைக்கு முதல் வரைவு எழுதியவரும் அவரே. அந்த மனிதர் எழுந்து, இது எங்கள் உள்நாட்டு விவகாரம், சபை இதில் தலையிடக்கூடாது என்றார். 1946 டிசம்பர் 8 அன்று நடந்த வாக்கெடுப்பில் 32 நாடுகள் இந்தியாவின் பக்கமும் 15 நாடுகள் எதிராகவும் நின்றன; 7 நாடுகள் ஒதுங்கின. மூன்றில் இரண்டு பங்கு மயிரிழையில் கிடைத்தது.

"யார் கேட்பது?" என்ற கேள்வி ஐ.நா.வில் இத்தனை வெளிப்படையாக எழுந்ததும், கேட்கலாம் என்று பெரும்பான்மை சொன்னதும் அங்கேதான். பின்னாளில் தன்னைப் பற்றிக் கேள்வி வந்தபோதெல்லாம் இந்தியாவும் 'உள்நாட்டு விவகாரம்' என்ற அதே சொல்லை எடுத்துக்கொண்டது. அதையும் மாணவர்களே கண்டுபிடிக்கும்படி விட்டுவிடலாம்.

இதிலிருந்து பிரகடனத்துக்குப் போவது எளிது. அதன் முதல் உறுப்பில் எல்லா ஆண்களும் என்றும் பொருள்படக்கூடிய ஆங்கிலத் தொடரை மாற்றி, எல்லா மனிதப் பிறவிகளும் என்று வைக்க வேண்டும் என்று வலியுறுத்தி வென்றவர் இந்தியப் பிரதிநிதி அன்சா மேத்தா. தமிழில் 'மனிதர்' என்று இருபாலுக்கும் பொதுவாகச் சொல்லிவிடுவதால் அந்தச் சண்டையின் அருமை நமக்குத் தெரிவதில்லை. அதை விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். முப்பது உறுப்புகளையும் படிக்க வேண்டாம், இந்த ஒன்று போதும்.

மறுமொழி 6: சொல்லாய்வு

கலைச்சொற்கள் பற்றி யாரும் முழுமையாகச் சொல்லவில்லை என்பதால் எழுதுகிறேன். மொழிபெயர்ப்பே என் தொழில். உங்களுக்கு மிகுந்த தொல்லை தரப்போகும் சொல் 'நாடு கடத்தல்'. நம் செய்தித்தாள்கள், விசா முடிந்தவரைத் திருப்பி அனுப்புவதற்கும், வழக்கை எதிர்கொள்ள ஒருவரை இன்னொரு நாட்டிடம் கொடுப்பதற்கும் இதே சொல்லைப் போடுகின்றன. டக்கார் வழக்கு முழுவதும் இந்த இரண்டாவது பொருளில்தான் நிற்கிறது. அங்கே 'ஒப்படைத்தல்' என்று மட்டும் எழுதுங்கள். மேலே சட்டப்பாடம் ஐயாவும் அப்படியே எழுதியிருக்கிறார்.

அடுத்தது, உடன்படிக்கையில் சேரும்போது ஒரு நாடு இந்தப் பிரிவு எனக்கு வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பதற்கான சொல். ஒரு துண்டறிக்கையில் அதை 'ஒதுக்கீடு' என்று அச்சிட்டிருந்தார்கள். படித்த மாணவர்கள் பாதிப் பேர், இந்தியா ஐ.நா.வில் இடஒதுக்கீடு கேட்டதாகப் புரிந்துகொண்டார்கள். 'விலக்குக் குறிப்பு' என்று நான் எழுதுகிறேன். இதைவிட நல்ல சொல் இருந்தால் மாற்றிக்கொள்வேன்.

'இனப்படுகொலை' என்பது வழக்கில் ஊன்றிவிட்டது. ஆனால் 1948ஆம் ஆண்டு உடன்படிக்கை சொல்லும் ஐந்து செயல்களில் கொலை ஒன்றுதான். பிறப்பைத் தடுப்பதும், ஒரு கூட்டத்தின் குழந்தைகளை வலிந்து வேறு கூட்டத்துக்கு மாற்றுவதும் அதில் அடங்கும். ஈழத்தில் வழங்கும் 'இனவழிப்பு' பொருளுக்கு நெருக்கமாக இருக்கிறது. எதை எடுத்தாலும் எட்டு வாரமும் ஒன்றையே எழுதுங்கள். பேச்சாளருக்குப் பேச்சாளர் மாறினால் கேட்பவர்கள் இரண்டும் வேறுவேறு குற்றங்கள் என்று நினைப்பார்கள்.

மறுமொழி 7: சட்டப்பாடம்

வடமராட்சி நண்பரின் திருத்தத்தை ஏற்கிறேன். என் முதல் மறுமொழியில் விட்டுப்போன ஒன்றைச் சேர்க்கிறேன். சேர்ந்த ஒவ்வொரு நாட்டுக்கும் கேட்கும் உரிமை உண்டு என்று 2012இல் சொன்ன அந்த வரியைப் பிடித்துக்கொண்டுதான், 2019 நவம்பரில் காம்பியா என்ற சின்னஞ்சிறு நாடு, ரோகிங்கியா மக்களுக்கு நேர்ந்ததற்காக, மேலே சொன்ன 1948ஆம் ஆண்டு இனப்படுகொலை உடன்படிக்கையின்படி மியான்மரைப் பன்னாட்டு நீதிமன்றத்துக்கு இழுத்தது. அவ்விரு நாடுகளுக்கும் இடையே ஒரு கண்டமே இருக்கிறது. உனக்கென்ன இதில் என்று மியான்மர் கேட்டது. 2022 ஜூலை 22 அன்று நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளிவிட்டது. ஆகவே இந்த வழக்கை டக்கார் வழக்கிலிருந்து மிகவும் தள்ளி வைக்காதீர்கள். கேட்பவர்களுக்கு அந்த வரி நினைவில் இருக்கும்போதே இது வரவேண்டும்.

மறுமொழி 8: பொருநைக்கரை (கேட்டவர்)

அனைவருக்கும் நன்றி. இன்று துறைத்தலைவரிடம் வரைவைக் கொடுத்துவிட்டேன். முதல் வாரம் 1946ஆம் ஆண்டு வாக்கெடுப்பும் அன்சா மேத்தாவும். இரண்டும் மூன்றும் டக்கார். நான்காம் வாரம் காம்பியா. ஐந்தாம் வாரம் சிங்கராசா. ஆறாம் வாரம் 1997 முதல் குறிக்கப்படாத நம் முகூர்த்தம். அந்தத் தலைப்பைத் துறைத்தலைவர் சிரித்துக்கொண்டே அடித்துவிட்டு, 'இந்தியாவும் சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையும்' என்று எழுதினார். எட்டாம் வாரத்தில் பேச்சாளர் கிடையாது. மாணவர்கள் நான்கு நான்கு பேராகச் சேர்ந்து குழுவுக்கொரு வழக்கை வாதிடுவார்கள். சென்ற ஆண்டு கேட்ட மாணவி இப்போது இரண்டாம் ஆண்டில் இருக்கிறாள். அவளிடம் சொன்னபோது, செனெகல் தரப்பில் தான் வாதிடுவதாக முதல் ஆளாகப் பெயர் கொடுத்தாள்.

ஏழாம் வாரத்தை ஏதிலியர் சட்டத்துக்கு வைத்திருக்கிறேன். 1951ஆம் ஆண்டு ஏதிலியர் உடன்படிக்கையில் இந்தியாவும் இல்லை, இலங்கையும் இல்லை. ஆனால் எங்கள் ஊரிலிருந்து ஒரு மணி நேரத்தில் ஒரு முகாம் இருக்கிறது. அன்றைய கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து ஏதிலியராக வந்த சக்மா மக்களைப் பலவந்தமாக வெளியேற்றாமல் காக்க அருணாசலப் பிரதேச அரசுக்கு ஆணையிட்ட 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றத் தீர்ப்பையும் சேர்த்துப் பேசக்கூடிய, தமிழில் இரண்டு மணி நேரம் தாளைப் பார்க்காமல் பேசக்கூடிய ஒருவர் வேண்டும். பயணப்படியும் மதிய உணவும் உண்டு, பொன்னாடை கிடையாது. தெரிந்தவர்கள் தனிச்செய்தியில் எழுதுங்கள்.